கீழ்ப்படியில் பதின்மூன்று பேர்

மேட்டுநாடு என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள். அந்நாட்டு அதிகாரிகளுக்கே அதில் மூன்று கருத்துகள் உண்டு. அங்கே பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அமைச்சர் ஒரு கேள்வி கேட்பார்: "நாளை முதல் என்ன செய்யப் போகிறாய்?" சொன்ன பதிலைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அதில் இல்லாத வேலையை அந்தப் பிள்ளைக்கு எவரும் கொடுக்கக் கூடாது.

கேள்வியின் மாண்பைக் காக்க, அதை எழுபத்திரண்டு படிகளுக்கு மேலுள்ள மண்டபத்தில்தான் கேட்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. படியேற முடியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். உடனே இன்னோர் ஆணை: அவர்கள் கீழேயே இருக்கலாம், பதிலுரைஞர் என்ற அதிகாரி அவர்களுக்காக மேலே பதில் சொல்வார். பதிலுரைஞர் நல்ல மனிதர்தான். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வார்: "வீட்டில் இருப்பார்." பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு இந்தப் பிள்ளைகளைத் தயார்படுத்த ஒரு பயிற்சி வகுப்பும் தொடங்கினார்கள். அதையும் மேல்மண்டபத்திலேயே வைத்தார்கள். ஒருவரும் வரவில்லை என்றதும் 'ஆர்வமில்லை' என்று எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு பொன்னாடையும் 'நாட்டின் செல்லங்கள்' என்ற பட்டமும் கொடுத்தார்கள். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல?

குமுதவல்லி சக்கர நாற்காலியில் வந்து பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள். ஆற்றுத்துறையில் நேரம் பார்த்துப் படகுகளை அனுப்பும் வேலை என்றால் அவளுக்கு உயிர். இரண்டு வருடமாக விடுமுறை நாளெல்லாம் துறையில்தான் கிடந்தாள். எந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும், எந்த மாதம் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. துறையை நடத்தும் சொர்ணம் அவளுக்கு வேலை கொடுக்கத் தயார். பதிவேட்டில் ஒரு வரி வந்தால் போதும்.

கேள்வி நாளன்று அவளும் அவளைப் போன்ற பதினோரு பேரும் கீழே காத்திருந்தார்கள். விழாவுக்கு மன்னரும் வந்தார். மூன்றாம் படியிலேயே அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பரிவாரத்தை முன்னே போகச் சொல்லிவிட்டு, கீழ்ப்படிக்கு இறங்கி, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குமுதவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இங்கே எதற்காக இருக்கிறாய் என்று விசாரித்தார்.

"கேள்விக்குங்க, மகாராஜா."

"அது மேலேதானே கேட்கிறார்கள்?"

"ஆமாங்க. பதிலையும் மேலேயே சொல்லிடுவாங்க."

மன்னருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆணைகளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை.

பதிலுரைஞருக்கு ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்து ஜன்னல் வழியாகக் கீழே உள்ள தலைகளை எண்ணுவார். முகத்தைப் பார்ப்பதோ பெயரை எழுதுவதோ கிடையாது. அன்று பதின்மூன்று தலைகள் இருந்தன. சற்று நேரத்தில் அமைச்சர் இறங்கி வந்து, பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தார்: "கீழ்ப்படியில் உள்ள பதின்மூவரும் நாளை முதல் வீட்டில் இருப்பார்கள்."

"என்னை யாரும் கேட்கவே இல்லையே" என்றார் மன்னர்.

அமைச்சர் அப்போதுதான் நிமிர்ந்து மன்னரைப் பார்த்தார். ஆனாலும் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். "மன்னிக்க வேண்டும், அரசே. கீழே இருப்பவர்களைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை." வீட்டில் இருப்பதாகப் பதிவானவர் நாடாள முடியாது என்பதும் சட்டமே. மன்னரை மட்டும் அந்த வரியிலிருந்து விலக்கிவிடலாமா என்று கூட வந்த அதிகாரிகள் குசுகுசுத்தார்கள்.

குமுதவல்லிக்கு இதை விட்டால் வாழ்நாள் முழுக்க நான்கு சுவர்தான். நாற்காலியை முன்னே உருட்டினாள். "யார் பேரும் எழுதலையேங்க. பதின்மூணு பேருக்கும் சேர்த்து ஒரே வரி. அடிச்சா முழு வரியையும்தான் அடிக்கணும். அப்புறம் எல்லாரையும் இங்கேயே வச்சுக் கேக்கணும்."

"அடியுங்கள்" என்றார் மன்னர்.

எழுபத்திரண்டு படிகளும் இறங்கிக் கேள்வி தரைக்கு வந்தது. பதில் சொன்னதும், "அதற்கு எங்கே பழகினாய்?" என்று துணைக்கேள்வி கேட்பது முறை. குமுதவல்லி படகுத்துறை என்றாள்; பழகியதும் அங்கேயே என்றாள். அவள் பெயரை எழுத்தர் எழுதியபோது, அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்தவன் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தப் போவதாகச் சொன்னான். இன்னொருத்தி ரொட்டி சுடப் போவதாகச் சொன்னாள். பன்னிரண்டு பேரும் யாரிடமாவது போய் எதையாவது பழகியிருந்தார்கள். எழுத்தருக்குத்தான் வெவ்வேறு பதில்களை எழுதிப் பழக்கமில்லாமல் கை வலித்தது.

கடைசியாக, முறைப்படி, பதின்மூன்றாவது ஆளையும் கேட்டார்கள்.

"நாட்டை ஆள்வேன்" என்றார் மன்னர்.

"அதற்கு எங்கே பழகினீர்கள்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு அமைச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மன்னர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். எழுத்தரின் பேனா காத்திருந்தது.

"கூச்சப்படாதீங்க, மகாராஜா" என்றாள் குமுதவல்லி. "ஆரம்பத்துல எங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுதான். துறைக்கு வாங்க, பழகிக்கலாம்."

மன்னர் முழங்காலைத் தடவியபடி, காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.