ஆடிக் காற்றில் அக்காவின் முக்காடு

காற்றைப் பற்றிப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். பல்லடம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். இறக்கையை எப்படித் திருப்பினால் காற்று பிடிக்கும், எப்படித் திருப்பினால் பிடிக்காது என்று சொல்வதுதான் வேலை. அப்படிப்பட்ட என்னைக் காற்று ரோட்டிலிருந்து தள்ளி வெங்காயக் காட்டில் கிடத்தியது. (மறைத்துப் பயனில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.)

அக்காவின் கல்யாணம் ஆடி மாதத்தில். ஆடியில் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். கிறிஸ்தவர்களான எங்களுக்கு ஆடியோடு எந்தப் பகையும் இல்லை. "கேட்ட தேதி கெடைக்குதில்ல, அப்புறமென்ன?" என்று அப்பா தாராபுரத்தில், மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலிலேயே நாள் குறித்துவிட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான் உட்பட.

அன்று காலை கோவையிலிருந்து எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். பல்லடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்கு ஒரே ஒரு பொறுப்பு. அங்கே லேஸ் வைக்கக் கொடுத்திருந்த மணப்பெண்ணின் முக்காட்டை வாங்கி, பத்தரை மணித் திருப்பலிக்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெள்ளை வலைத்துணி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம். அது தரையில் புரள நடந்துபோக வேண்டும் என்பது அக்காவின் ஒரு வருடக் கனவு. "அது வராம நான் வேன விட்டு எறங்க மாட்டேன்" என்று போனில் சொன்னாள். சொன்னால் செய்வாள்.

"மடிச்சீங்கன்னா கோடு விழுந்துருமுங்க" என்று தையல்காரம்மா அதை அகலமான அட்டைப்பெட்டிக்குள் பரப்பி வைத்திருந்தார். பெட்டி ஒரு ஜன்னல் கதவு அளவு இருந்தது.

நான் பதறவில்லை. பக்கவாட்டுக் காற்றில் பைக் ஓட்டுவது எப்படி என்று முந்தின வாரம்தான் எங்கள் டெக்னீஷியன்களுக்கு வகுப்பு எடுத்திருந்தேன். ஆறு குறிப்புகள். வேகத்தைக் குறை. உடம்பைத் தாழ்த்தி உட்கார். ஹேண்டில்பாரை இறுக்காதே, முழங்காலால் டேங்கைப் பிடி. காற்று வரும் பக்கம் லேசாகச் சாய். லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அறையும், தயாராக இரு. முடியாவிட்டால் ஓரமாக நிறுத்து. இதை அச்சடித்து என் பைக்கின் டேங்க் மேலேயே ஒட்டியிருந்தேன். சுமையை எப்படிக் கட்டுவது என்று ஏழாவதாக ஒரு குறிப்பு எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைக் குறுக்கே வைத்தால் பஸ்ஸில் இடிக்குமே என்று, பின்சீட்டில் நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினேன். அதாவது, மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அதன் முழு அகலத்தையும் காட்டி. (நான்கு வருடப் படிப்பு.)

ஊரைத் தாண்டி மரங்கள் விலகியதும் வலப்பக்கமிருந்து காற்று தள்ளியது. வலப்பக்கம் சாய்ந்தேன், வண்டி நேராகப் போனது. பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். சாய்ந்துகொண்டே நேராகப் போகிறேனே, இது எத்தனை டிகிரி இருக்கும்? ஒரு கையில் போனை வைத்து அளக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளை, அளக்கவில்லை.

குண்டடம் தாண்டியதும் எதிரே பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி வந்தது. அது என்னைக் கடக்கத் தொடங்கியதும் காற்று சட்டென்று நின்றது. சாய்ந்திருந்த நான் லாரியை நோக்கியே போனேன். ஐந்தாவது குறிப்பு ஞாபகம் வந்தது. அது என்ன சொல்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். (ஆமாம், படிப்பதற்கு.) பிறகு பதறி இடப்பக்கம் ஒடித்தேன். அதற்குள் லாரி போய்விட்டது. காற்று திரும்பி வந்து பெட்டியில் அறைந்தது. மண் ஓரம், சின்னப் பள்ளம், வெங்காயக் காடு. வண்டி மெதுவாக, மரியாதையாகப் படுத்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

நிமிர்ந்து பார்த்தபோது பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. முக்காடு காட்டுக்கு மேலே நிதானமாகப் பறந்துபோய், மேய்ச்சல் காட்டைச் சுற்றியிருந்த கிளுவை முள்வேலியில் விரிந்து மாட்டிக்கொண்டது. ஓடினேன். மணி ஒன்பதே முக்கால்.

"ஏனுங்க, அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் வயதுதான் இருக்கும், மொபெட்டில் சோளத்தட்டுக் கட்டுகளோடு வந்த பெண்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அக்காவுக்குக் கல்யாணமுங்க. முக்காடு!"

"அய்யோ, இழுக்காதீங்க! முள்ளுங்க!"

நான் ஏற்கெனவே இழுத்திருந்தேன். டர்ரென்ற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு முழம் கையில், மற்றதெல்லாம் வேலியில், நடுவே நாலு நூல். அந்தப் பெண் தட்டு அறுக்கும் அரிவாளை எடுத்து வந்து, அந்த நூல்களையும் பிசிறையும் ஒரே இழுப்பில் நேராக அறுத்துக் கொடுத்தாள்.

அந்த நிலைமையிலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இந்தக் காத்துல இத்தனை தட்ட வெச்சுட்டு எப்படிங்க விழாம வர்றீங்க?"

"கட்டு ரெண்டும் அடியில, காலுகிட்ட கெடக்குதுங்க. நீங்க ஊட்டுச் செவுத்தையே பேத்து முதுகுல கட்டிட்டு வந்திருக்கறீங்க."

பொறியியலில் இதற்கு ஒரு முழுப் பாடம் உண்டு. நான் அதில் முதல் வகுப்பு.

மிச்சத்தைச் சுருட்டி ஜெர்கினுக்குள் திணித்துக்கொண்டு, முப்பது வேகத்தில் போய்ச் சேர்ந்தேன். பத்து இருபத்தெட்டு. அக்கா சொன்னபடியே வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். துணியை விரித்துப் பார்த்தாள்.

"மிச்சம் எங்க அம்மணி?"

"வேலியில."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் தலைமுடியில் இருந்த வெங்காயத் தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா வேகவேகமாக ஊக்குகளைக் குத்தினார். தரையில் புரள வேண்டிய முக்காடு தோளோடு நின்றது.

"இதென்னுங்க இத்தன குட்டையா?" என்று மாப்பிள்ளை வீட்டு அத்தை கேட்டார்.

அம்மா கண் இமைக்கவில்லை. "கோயமுத்தூர்ல இப்பெல்லாம் இப்படித்தானுங்க."

அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் மூன்று மணப்பெண்கள் தோளளவு முக்காட்டோடு வந்துவிட்டதாக அக்கா சொல்கிறாள். எங்கள் வீட்டில் வேறு மாதிரி. போன வாரம் அக்காவின் கணவர் புது பேண்ட் நீளமாக இருக்கிறது, தையல்கடைக்குப் போக வேண்டும் என்றார்.

"கடைக்கெதுக்குங்க?" என்றார் அம்மா. "இவகிட்டக் குடுத்துத் தாராபுரம் வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க. அளவாயிரும்."