சம்பந்தி வீட்டு இறாலும் எனக்குள் இருந்த வெடிக் கிட்டங்கியும்

சிவகாசி,
ஆவணி 20

மதிப்பிற்குரிய சம்பந்தி கண்ணுச்சாமி அவர்களுக்கு,

பட்டாசு வியாபாரி சங்கரபாண்டியன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டாரும் நலம். நான் நலம் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை. மூச்சு மூக்கு வழியாகவே போய் வருகிறது, உதடு உதட்டின் அளவில் இருக்கிறது, மோதிரம் விரலில் சுற்றுகிறது. அங்கு தாங்களும், தங்கள் மனைவியாகிய என் தங்கச்சியும், மாப்பிள்ளை ஜெயபாண்டியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இன்னமும் சம்பந்தி என்று எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். தாம்பூலத் தட்டை ஆள் மூலம் திருப்பி அனுப்பினீர்கள். நான் வாங்கிக்கொண்டதாக யாரிடமும் சொல்லவில்லை. போனை எடுக்க மாட்டேங்கிறீக, வாட்சப்புல நீல டிக் விழுது, பதில் விழ மாட்டேங்குது. அதனாலதான் பேனா. விஷயம் ஒண்ணே ஒண்ணு: அன்னிக்கு நான் வீங்கினதுக்கு உங்க வீட்டுச் சாப்பாடும் காரணமில்ல, சகுனமும் காரணமில்ல. அதுக்காக எம் மக எழிலோட கல்யாணத்தை நிறுத்தாதீக.

நடந்ததுல பாதியைத்தான் நீங்க பாத்தீக. பேச்சு முடிஞ்சு தட்டு மாத்தி, இனிமே கை நனைக்கலாம்னு என் கையைப் பிடிச்சு இலைக்குக் கூட்டிட்டுப் போனீக. பேசி முடியாத வீட்டுல வாய் வைக்கக் கூடாதுங்கிற முறைக்காகக் காலையிலருந்து காயப்போட்ட வயிறு. எனக்காகத் தூத்துக்குடியில இருந்து ஐஸ் பெட்டியில இறால் இறக்கியிருந்தீக. தொக்கு பிரமாதம், ரெண்டாவது தடவை நானே கேட்டு வாங்கினேன், உங்க சித்தப்பா மூணாவது தடவையும் வாங்கினாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலை பாத்தீகளா. எனக்கு இலையை மூடுறதுக்கு முன்னாலேயே உள்ளங்கை அரிச்சது, அப்புறம் கழுத்து, அப்புறம் தடிப்பு தடிப்பா முதுகு. உடனே எந்திரிச்சான் என் மேனேஜர் பாண்டிமுருகன். "அண்ணாச்சி, காலையில கலவை ரூமுக்குள்ள போனீகள்ல, சட்டையில கெமிக்கல் இருக்கு, கழத்துங்க!" எங்க விஸ்வநத்தம் யூனிட்டுல யாருக்கு உடம்பு அரிச்சாலும் முதல்ல சட்டையைக் கழத்தித் தண்ணி ஊத்துறது பழக்கம். நல்ல பழக்கந்தான். ஆனா நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சுப் பட்டுச் சட்டை மாத்திட்டு வந்தவன். அதைச் சொல்ல வாயைத் திறக்கேன், நாக்குக்கு வாய்க்குள்ள இடம் பத்தலை. அவன் என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் உங்க மோட்டார்த் தொட்டியில முக்கிட்டான். உங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் பாக்க, பொண்ணைப் பெத்தவன், கண்ணு ரெண்டும் மூடி, மூச்சு விசிலடிக்க, தொட்டிக்குள்ள.

அங்கன வச்சுத்தான் எங்க அக்கா, உங்க வீட்டுத் தங்கச்சியைப் பாத்து, "என் தம்பிக்கு என்னத்தப் போட்டுக் குடுத்தீக?"ன்னு கேட்டா. என்னை வெட்டியிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது. அந்த ஒரு பேச்சுதான் தட்டைத் திருப்புச்சு, என் வீக்கம் இல்ல, எனக்குத் தெரியும். அவ சார்புல உங்ககிட்டயும் தங்கச்சிகிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவளும் கேப்பா, கேக்க வைப்பேன். எல்லாரும் கூப்பாடு போட்ட நேரத்துல என்னை ஈர வேட்டியோட அள்ளிப் போட்டுச் சாத்தூருக்குக் காரை விரட்டினது யாரு? மாப்பிள்ளை. சீட்டெல்லாம் நனைஞ்சதைப் பத்தி ஒரு சொல்லு? கிடையாது. இவரை விட்டுட்டு நான் வேற பையனைத் தேடணுமாக்கும்!

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்த உடனே தொடையில ஒரு ஊசி போட்டாக. அட்ரினலினாம். கொஞ்ச நேரத்துல விசில் நின்னுச்சு, கண்ணு கீறல் அளவுக்குத் திறந்துச்சு. "இதுக்கு முன்னாடி இறால் சாப்பிட்டப்ப ஏதாவது செஞ்சுதா?"ன்னு கேட்டாக. போன மாசம் துறைமுகத்துல ஒரு ஏஜென்ட் வாங்கிக் குடுத்தப்ப உதடு நமநமன்னுச்சு, மிளகாக் காரம்னு விட்டுட்டேன்னு சொன்னேன். "அப்பவே உடம்பு தயாராயிருச்சு"ன்னாக. எனக்கு வெளங்கலை. சரக்கு என்னன்னு தெரியாம நான் எதையும் ஒத்துக்கிட மாட்டேன், உங்களுக்கே தெரியும். பிடிச்சு உட்கார வச்சுக் கேட்டேன்.

நம்ம தோலுக்கடியில, குடல்ல, மூச்சுக்குழாயில எல்லாம் மாஸ்ட் செல்னு இருக்காம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஹிஸ்டமின்னு ஒரு சரக்கு, பொட்டலம் பொட்டலமா, ரெடி ஸ்டாக். "நாங்க வெடிச் சரக்கு அடுக்குற கிட்டங்கி"ன்னேன். பி செல்னு இன்னொரு கூட்டம், அது என்னிக்கோ ஒருநாள் இறால்ல உள்ள புரதத்தைப் பாத்து எதிரின்னு தப்பா முடிவு கட்டி, அதுக்குன்னே ஐஜிஇ-ன்னு ஒண்ணைச் செஞ்சு அனுப்புமாம். அது போய்க் கிட்டங்கிச் சுவத்துல வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமாம். "திரி!"ன்னேன். ஏழாயிரம்பண்ணைக்கு வேன்ல தொங்கிட்டுப் போய்த் திரி வெட்டிப் பொழைச்சவனுக்கு இது தெரியாதா? டாக்டரம்மா சிரிச்சிட்டாக. "திரியேதான். ஆனா ஒத்தத் திரியைத் தொட்டா வெடிக்காது. பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டை ஒரே புரதம் சேர்த்துப் பிடிக்கணும்." பிடிச்சா மொத்தச் சரக்கும் வெளிய. ஹிஸ்டமின் ரத்தக்குழாயை ஒழுக விட்டுரும், அதான் வீக்கம். நரம்பைச் சீண்டும், அதான் அரிப்பு. மூச்சுக்குழாய் நெருங்கிரும். ஒழுகுற பைப்புல பிரஷர் எங்கிட்டு நிக்கும்? அந்த ஊசி வந்து குழாயை இறுக்கி, மூச்சுக்கு வழி விட்டு, மிச்சக் கிட்டங்கியை அமத்திருச்சு.

"யாரு டாக்டரம்மா இதுக்கு லைசென்ஸ் குடுத்தது? எங்க ரூமுக்கு ரூம் இடைவெளி இல்லைன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல பூட்டிட்டுப் போயிருவாக"ன்னேன். வயித்துப் புழுவை அடிக்கிறதுக்கு ஏற்பட்ட படையா இருக்கலாம்னு சொல்றாங்களாம். இப்ப புழு கம்மி, படைக்கு வேலையில்ல. வேலையில்லாத வாட்ச்மேன் விருந்தாளியா வந்த இறாலைப் போட்டு அடிச்சிருக்கான். அம்புட்டுத்தான் சம்பந்தி. விருந்தாளியும் நல்லவன், விருந்து வச்ச நீங்களும் நல்லவுக, வாட்ச்மேன் என்னோட ஆளு.

இன்னொண்ணு. ஊசிக்கப்புறம் நல்லாயிட்டேன், சீசன் நேரம், லாரி லோடுக்கு நிக்குதுன்னு எந்திரிச்சேன். டாக்டரம்மா விடலை. ஹிஸ்டமின் ரெடி ஸ்டாக், ஆனா லூக்கோட்ரையீன்னு ஒண்ணு ஆர்டர் விழுந்த பெறகு புதுசாக் கலந்து வருமாம், அது மூச்சுக்குழாயை இன்னும் நெருக்குமாம். அதுக்கும் பின்னால ஈசினோபில்னு வெளியாளுக கூட்டமா வந்து இறங்குமாம். "நல்லாயிட்ட மாதிரி இருந்து மறுபடி கிளம்பும்"னாக. அணைஞ்ச வெடிகிட்ட உடனே போய்க் குனியாதேன்னு எங்க ஆளுகளுக்கு நான் தினம் சொல்றதை எனக்கே ஒருத்தர் சொல்றாக. படுத்துட்டேன். பொழுது சாயச் சாய, சொன்ன மாதிரியே மறுபடி தடிச்சுது, இழுத்துது, மறுபடி ஊசி. லாரியைப் பாக்கப் போயிருந்தேன்னா இந்தக் கடிதம் எழுத ஆள் இல்ல.

ஆக, இறாலை நான் விட்டுட்டேன், அது என்னோட நிக்கட்டும். கல்யாணப் பந்தியில மத்தவுகளுக்குத் தாராளமாப் போடுங்க. எனக்குத் தனிக் கரண்டி, தனிச் சட்டி, சட்டைப்பையில ஊசி. தீபாவளி முடிஞ்ச முதல் முகூர்த்தம் நீங்க சொல்றதுதான். உங்க மனசுல உள்ள பாரத்தை இறக்கி வையுங்க, அது உங்க பாரம் இல்ல. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், தங்கச்சிக்கு என் கும்பிடு, சித்தப்பாவுக்கு நீடித்த ஆயுளும் நல்ல செரிமானமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
சங்கரபாண்டியன்

பின்குறிப்பு: இதைக் கூரியருக்குக் கொடுக்கும் முன்னால், தட்டு விஷயத்தை நேருல முடிச்சிக்கிடலாம்னு நீங்களே மாப்பிள்ளையோட வந்து இறங்கிட்டீக. மேலே எழுதின கிட்டங்கி, திரி, வாட்ச்மேன் எல்லாத்தையும் நான் வாயாலயும் ஒப்பிச்சேன். நீங்க தரையைப் பாத்துக்கிட்டு, "என்ன சொன்னாலும் என் வீட்டு இலையில நடந்துருச்சே"ன்னு ஒரே பதில். அந்த நேரம் எழில் வளக்குற பூனை மாப்பிள்ளை மடியில ஏறுச்சு. அடுத்தடுத்துத் தும்மல், கண்ணு செவந்து தண்ணி, கழுத்துல தடிப்பு. எனக்கு உசுரே போயிருச்சு, என் வீட்டுல வச்சு மாப்பிள்ளைக்கு இப்படி! நீங்க மகனைப் பாத்தீக, பூனையைப் பாத்தீக, தலையில கை வச்சு நிக்கிற என்னையும் பாத்தீக. வந்ததுலருந்து முதல் தடவையாச் சிரிச்சு, "அப்பாடா சம்பந்தி, உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு நடக்குதுல்ல!"ன்னீக. டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டு மாப்பிள்ளைக்கு மாத்திரை எடுக்க உள்ளே வந்த இடத்துலதான் இதைக் கிறுக்குறேன். நான் இம்புட்டு எழுதினதுக்கு அசையாத நீங்க பூனைக்கு அசைஞ்சீக. மாடியிலருந்து எழில் கத்துறது உங்களுக்கும் கேக்குந்தானே? பூனை கூட வந்தாத்தான் அவளும் உங்க வீட்டுக்கு மருமகளா வருவாளாம். அதை அவுக ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும், நாம தேதியைக் குறிப்போம்.