எஞ்சினுக்கு வைத்த சந்தனம்

மீன்சுருட்டிக்கும் அரியலூருக்கும் இடையே மின்சாரம் என்றால் என்னவென்று ஜனங்களுக்கு முதன்முதலில் உணர்த்தியவர் ஷாக்கு டிரைவர்தான். வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த யுத்த காலம் அது. கரண்ட் வேண்டுமென்றால் அவர் வேனில்தான் ஏற வேண்டும்.

அந்தக் கிழட்டு வேன் சதா 'மிஸ்ஸிங்' அடிக்கும். நான்கு சிலிண்டரில் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. வண்டி விக்கிக்கொண்டே போகும். எதுவென்று கண்டுபிடிக்க, பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, முன்சீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்வார். ஆள் அலறினால் ஒயர் நல்லது.

"நான் புடிச்சா தெரியலீங்க. பழகிப்போச்சு" என்பார்.

ஒரு புது மாப்பிள்ளை, மாமனார் எதிரில் அலறுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதை நம்பி நல்ல ஒயரைப் பிடுங்கி எறிந்தார் நம்ம ஆள்!

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக மீன்சுருட்டியில் கிடைத்தது இந்தப் பாழாய்ப்போன வேன் ஒன்றுதான். ஜெயங்கொண்டம் தாண்டி, உச்சி வெயிலில், முந்திரிக்காட்டு நடுவே அது நின்றேவிட்டது. உள்ளே அவள் முனகல்.

"புடிங்க சார்" என்று ஒயரை என் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றினார் டிரைவர்.

பிடித்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததும் இல்லை. நான்கிலும் இல்லை. ஷாக் அடிக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"அலறுங்க சார்!"

"அடிச்சாத்தானேய்யா அலற! இந்த ஒயரெல்லாம் எங்கேருந்து வருது? அதைத் திற!"

ஒயர்கள் சேரும் கறுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்! பாயவேண்டிய கரண்ட்டெல்லாம் அந்த ஈரத்திலேயே இறங்கிப் போயிருக்கிறது.

"யாருய்யா இதுல சந்தனம் அப்பினது?"

"நான்தாங்க. பொறி பொறக்கிற எடம், மூலஸ்தானம் மாதிரி. ஆயுத பூசையிலேருந்து வெள்ளிக்கு வெள்ளி வெக்கிறேன். மிஸ்ஸிங் ஜாஸ்தியாச்சுன்னா சந்தனமும் ஜாஸ்தி." வேனுக்குள் என் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னிக்கு தங்கச்சிக்கு நல்லபடியா ஆவணும்னு தாராளமா வெச்சுட்டேங்க."

துண்டை எடுத்துத் துடைத்தார். மறுபடி ஹேண்டில். நான் "ஐயோ அம்மா!" என்று அலறித் துள்ளினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் உள்ளே அழுகுரல் கேட்டது. நான் எழுந்து ஓடப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மிஸ்ஸிங் இல்லீங்க சார். சீரா அழுவுது" என்றவர், தானும் அழுதார்.

என் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. மகளுக்குக் காது குத்தியது ஷாக்கு டிரைவர் மடியில் வைத்துத்தான்.