கலியாணப் பெட்டியில் ஒரு தாமரை

கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்து கொடுப்பவனைப் போல ஆபத்தானவன் எந்தப் பட்டறையிலும் இல்லை. எண்பதுகளின் கடைசியில், விம்பிள்டனில் பழைய தளபாடங்கள் திருத்தும் ஒரு பட்டறையில் அந்த ஆபத்து நான்தான்.

ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. ஒரு ஜப்பானிய அம்மா, மகளின் கலியாணத்துக்குக் கொடுக்கவென்று கறுப்பு அரக்கு மெருகிட்ட மரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். பக்கங்களில் பைன் மரமும் மூங்கிலும் செதுக்கப்பட்டிருந்தன, மூடி உடைந்திருந்தது.

"புது மூடியில் பிளம் பூ செதுக்கு. சரியாக வந்தால் உன் வேலை நிரந்தரம்" என்றார் முதலாளி. பைன், மூங்கில், பிளம் மூன்றுமே குளிருக்கு அசையாதவை, சேர்ந்திருந்தால் மங்களம் என்றும் விளக்கினார். (யார் கேட்டது?)

பிளம் பூவுக்கு ஐந்தே இதழ். என் கைத்திறனுக்கு அது காணாது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"கலியாணப் பெட்டியெண்டா தாமரையெல்லே போடவேணும்! லட்சுமி இருக்கிற பூ. வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமே?" என்றாள்.

முதலாளி விடுமுறையில் போன வாரம் தாமரையைச் செதுக்கி முடித்தேன். பதினாறு இதழ், நடுவில் பொகுட்டு, மேலே மினுமினுவென்று மெருகு. (இன்றைக்கும் சொல்வேன்: அபாரம்.)

முதலாளி திரும்பிவந்த அன்று காலையே அந்த அம்மா வந்தார், மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரமித்துவிட்டார் என்று நினைத்து, லட்சுமியைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டில் இது செத்தவர்களுக்கு வைக்கும் பூ."

கலியாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முதலாளியின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார். நான் உளிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அந்த அம்மாவோ இதழ்களை விரலால் தடவிக்கொண்டே நின்றார். கணவர் போய் இரண்டு வருடமாம். அவருடைய படத்துக்கு முன்னால் வைக்க இந்தத் தாமரையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு முதலாளியைப் பார்த்து, "பிளம் பூவையும் இவரே செதுக்கட்டும்" என்றார்.

எட்டு நாளில் செதுக்கிக் கொடுத்தேன். ஐந்து இதழ்தான். ஒன்றுகூடக் கூட்டவில்லை. வேலையும் நிரந்தரமானது.

யோசனை சொன்னது தான்தான் என்பதை மனைவி வசதியாக மறந்துவிட்டாள். யாராவது என்னிடம் ஏதும் செதுக்கித் தரச் சொன்னால் இன்றைக்கும் அவள் முந்திக்கொள்வாள்: "கலியாணவீட்டுக்கோ செத்தவீட்டுக்கோ எண்டு முதலிலை சொல்லிப்போடுங்கோ. இவர் ரெண்டும் செய்வார்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் மறுப்பதில்லை. ஒரே பெட்டியோடு வந்த ஒரு வீட்டுக்கு இரண்டையும் செதுக்கிக் கொடுத்தவன் லண்டனில் வேறு யார்?