பன்னிரண்டு பேரிக்காய்களுக்கு நடுவே என் மனைவி

குராயோஷி,
செப்டம்பர் 11

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கானெயாசு அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் இனாகாகி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே சிள்வண்டுச் சத்தம் அடங்கி, விடியற்காலையில் கால் தானாகவே போர்வையைத் தேடுகிறது. வடக்கே ஓபிஹிரோவில் இந்நேரம் குளிர்காயும் அடுப்பைத் துடைத்து வைத்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய உருளைக்கிழங்கு ஒன்றுகூட அடிபடாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். மசுயோ என்னிடம் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது என்பதைத் தவிர, எல்லாம் நலம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அவள் பாடும் குழுவுக்கு வரும் இருபதாம் தேதி கச்சேரி. நான் பாடுவதில்லை, கணினி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆனவன் என்பதால் சுவரொட்டி வேலையை என்னிடம் தந்தார்கள். பாடகர்கள் பதினெட்டுப் பேரையும் மண்டபத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்தேன். குழுத் தலைவி தொக்கிவா அதைப் பார்த்துவிட்டு, "இனாகாகி-சான், இது தடுப்பூசிக்கு வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு. நம்ம ஊர் பேரிக்காய் ஊருதானே? பன்னிரண்டு பேரிக்காய் வரைஞ்சு, அதுக்குள்ளாற இந்தப் படம் தெரியுற மாதிரி பண்ணுங்க" என்றார். பன்னிரண்டு ஜன்னல் வழியே ஒரே தோட்டத்தைப் பார்ப்பது போல என்று புரிந்துகொண்டேன். கணினியில் வரைந்தேன். படத்தை உள்ளே செலுத்தினேன். மேலே கிடந்த ஒரே ஒரு பேரிக்காய் படம் முழுவதையும் எடுத்துக்கொள்ள, மற்ற பதினொன்றும் காணாமல் போயின. முதலில் பன்னிரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாகக் கட்டிவிட வேண்டும், அப்போதுதான் படம் எல்லாவற்றிலும் பகிர்ந்து தெரியும் என்பதை அறிய எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நம் ஊர்க் கமிட்டிகளும் இதே விதிப்படிதான் நடக்கின்றன என்பதால் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

கட்டினேன், தெரிந்தது. பதினேழு முகங்கள் தெரிந்தன. ஏழாம் பேரிக்காயில் மண்டபத்துத் தீயணைப்பு உருளை சிவப்பாக, கம்பீரமாக, முழு உருவத்தில் நின்றது. மசுயோ ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தில் விழுந்துவிட்டாள். சுவரொட்டியை ஊரெங்கும் ஒட்டிய பிறகே கவனித்தேன். அவள் தனியாகப் பாடுகிற பாட்டு வேறு இருக்கிறது. பேரிக்காய்களை இடம்மாற்றிப் பார்த்தேன். அவள் உள்ளே வந்தால் பக்கத்தில் நிற்கும் பாடகர் குவாமோதோவின் நெற்றி வெளியே போனது, அவரை இழுத்தால் இரட்டைச் சகோதரிகளில் ஒருவர் போனார். ஆகவே அவள் முகத்தை மட்டும் தனியே வெட்டி, மேலே வலது மூலையில் பதின்மூன்றாவதாக ஒரு சின்னப் பேரிக்காய் போட்டு வைத்தேன். பழையவற்றை உரித்துவிட்டு இதை ஒட்டினேன்.

பள்ளிக்கூடக் குழுப் படங்களில் அந்த மூலையில் யாரை வைப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படம் எடுக்கிற நாளில் வராதவர்களை. எங்கள் வயதுக்காரர்கள் படமென்றால், இனி வரவே முடியாதவர்களை. தெரிந்தும் எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். மறுநாள் தோஃபு கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்தார். "எனக்குத் தெரியவே இல்லியே இனாகாகி-சான்... எப்போ நடந்துச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மசுயோ, "இன்னும் நடக்கல. ரெண்டு கட்டி கொடுங்க, மெத்துன்னு இருக்கணும்" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அன்று மாலை பாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. தேநீர் வேண்டுமா என்றால் தலையாட்டுகிறாள். மன்னிப்புக் கேட்டால் அதற்கும் தலையாட்டுகிறாள், ஆனால் அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரியவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. கோபம் வந்தால் பேசுகிறவள் அவள். எனவே, தோஃபு கடைக்குப் போன நாள் மாலையிலிருந்தே நகர்த்திக்கொண்டிருந்த பேரிக்காய்களை மூன்றாம் முறையாக அடியோடு கலைத்து, நட்ட நடுவில் மிகப் பெரிய பேரிக்காயை அவளுக்கே கொடுத்து, அதைச் சுற்றி மற்றவர்களை நெருக்கி வைத்தேன். குவாமோதோவுக்கு ஒரு காது குறைந்தது, பாதகமில்லை என்றார். ரயில் நிலையம், குளியல்கூடம், அஞ்சலகம் எல்லா இடத்திலும் நேற்று ஒட்டியாயிற்று. அதைப் பார்த்தும் அவள் பேசவில்லை. பார்த்த பார்வை மட்டும் மாறியிருக்கிறது.

நீங்கள் ஒரு முறை தொலைபேசியில் அவளிடம் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். அவள் பேசாத வீட்டில் குளிர்பெட்டி ஓடுகிற சத்தம்கூட என்னைத் திட்டுவது போல இருக்கிறது.

அண்ணியாருக்கு என் வணக்கங்கள். இந்த ஆண்டுப் பனி உங்கள் கூரைக்குக் கருணை காட்டட்டும்.

தங்கள் அன்புள்ள,
இனாகாகி

பி.கு.: உறை தேடப் போன நேரத்தில் மசுயோ இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிப் போயிருக்கிறாள். அப்படியே தருகிறேன்: "கோபமில்லை. தொண்டை கட்டியிருக்கிறது. கச்சேரி முடியும்வரை யாரும் என்னைப் பேச வைக்கக்கூடாதென்று தொக்கிவா-சான் உத்தரவு. பயிற்சியில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் மண்டபத்தின் அடுத்த அறையில் பேரிக்காய் நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் நான் கண்ணை மூடி, வாயைத் திறந்திருக்கிறேன். முதல் சுவரொட்டியைப் பார்த்து எவ்வளவு நிம்மதியாக இருந்தேன். இப்போது நடுவில் வைத்திருக்கிறீர்கள். இருபத்தோராம் தேதி பேசுகிறேன்."

ஆகவே இப்போது தொலைபேச வேண்டாம். இருபத்தோராம் தேதி காலை, அவள் எழுந்ததும் தயவுசெய்து கூப்பிட்டு, முடிந்தவரை நீளமாகப் பேசவும்.