காலி அறையின் படம் இத்துடன்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு, மாமனார் இருசப்பன் எழுதும் மடல். அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ஒரு கோழியும் நலம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அங்கே தங்கள் நலமும், நந்தினியின் நலமும், அவள் வயிற்றில் இருக்கும் சிசுவின் நலமும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில், அதுவும் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதக் காரணம், உங்கள் போனை நந்தினி பார்ப்பாள். இதில் உள்ள சில விஷயங்களை ஏழு மாதக் கர்ப்பிணி படிக்க வேண்டாம்.

"மாமா, அந்தப் பின்னறை தூசியில நந்தினிக்கு வீசிங் வந்துடும். ரூமை காலி பண்ணி போட்டோ அனுப்புங்க, அழைச்சிட்டு வர்றேன். இல்லாட்டி பிரசவத்தை சென்னையிலயே வெச்சிக்கலாம்" என்று போனில் சொன்னீர்கள். நியாயம்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் தூசிக்கு வழக்கம் தெரியாது. சாமான்களைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். "ஊர்க் குப்பையே மலையாட்டம் குவிஞ்சி கெடக்குது, நீங்க வேற ஏத்தாதீங்க" என்று சொல்லி, வேண்டாததை வேண்டியவருக்கு இனாமாகக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டீர்கள். ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் ஊர் திரும்பும்போது கெட்டில், கொசுவலை முதலியவற்றைக் கொடுக்க ஆரம்பித்த குழு அது. இப்போது சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் கிரைண்டரைப் படம் எடுத்து, 'ஓடும், சத்தம் ஜாஸ்தி' என்று உண்மையை எழுதிப் போட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆராயி என்ற அம்மாள் வேன் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல கிரைண்டரை ஏன் சும்மா கொடுக்கிறீர்கள், ஏதாவது தோஷமா என்று கேட்டார். தோஷமில்லை, பெண் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அறை காலியாக வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் அதே வேன் வந்து நின்றது. "புள்ளத்தாச்சி வர்ற வூட்ல இருந்து வெறுங்கையா வாங்கினு போனா எனக்கு ஆவுமா? எங்க கொல்லையில வெளைஞ்சது" என்று ஒரு மூட்டை வேர்க்கடலையைப் பின்னறையில் இறக்கிவிட்டுப் போனார். ஆக, ஒரு கிரைண்டர் வெளியே, ஒரு மூட்டை உள்ளே.

அடுத்தது இரும்புக் கட்டில். அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மோர்க்கடை போடும் வள்ளி கேட்டிருந்தார். இந்த முறை முன்ஜாக்கிரதையாக, "எதையும் கொண்டுவர வேண்டாம்மா, பெண் பிரசவத்துக்கு வருகிறாள், இடமில்லை" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டேன். அதனால்தானோ என்னவோ கோழியோடு வந்தார். பெற்றவளுக்கு நாட்டுக்கோழி சாறு நல்லதாம். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்றால், "அதுக்குள்ள நல்லா வளந்துடும் சாமி" என்கிறார். அது இப்போது கடலை மூட்டையில் ஓட்டை போட்டுத் தின்று வளர்ந்து வருகிறது.

வெளிநாட்டு அம்மா ஒருவர் ஆட்டோவில் வந்து மேஜையை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டவர்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் இருக்காது என்று நிம்மதியாக இருந்தேன். அவர் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம், பழகிவிட்டார். கர்ப்பிணிகள் மேலே உட்கார்ந்து பயிற்சி செய்வதற்கென்று என் இடுப்புயரத்துக்கு ஒரு நீலப் பந்தைக் கொண்டுவந்து, "பொண்ணுக்கு நல்லது" என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடாமல் இருக்க முடியுமா? பந்து ஓரிடத்தில் நிற்பதில்லை. அது உருளும்போதெல்லாம் கோழி பீரோ மேல் ஏறிக்கொள்கிறது.

சரி, வந்ததையாவது கொடுப்போம் என்று கடலையைக் குழுவில் போட்டேன். டீக்கடை செழியன் பாதி மூட்டையை எடுத்துக்கொண்டு, தன் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று மரத்தொட்டிலை இறக்கினார். பீரோவுக்கு ஆள் வந்தது நேற்று, பௌர்ணமியன்று. கிரிவலக் கூட்டத்தில் வண்டியை ஊருக்குள் விடவில்லை. பீரோ போக முடியவில்லை. ஆனால் அவர்கள் தலையில் சுமந்து வந்த கேழ்வரகும் பழைய பருத்தி வேட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் போடவேண்டுமாம். "நீயாவது வேண்டாம்னு சொல்லேன்" என்றால் உங்கள் அத்தை, "வயித்துப் புள்ளைக்கு வந்ததை வாசல்ல இருந்து திருப்புவாங்களா? நல்லா கேட்டீங்க போங்க" என்று என் மேலேயே பாய்கிறாள். இருபத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, எந்த வண்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று பிசகாமல் எழுதியவன் நான். வந்த வண்டியெல்லாம் உள்ளேயே நின்றுகொண்டு, போன வண்டியும் திரும்பி வந்த டிப்போவை நான் பார்த்ததில்லை.

போன வண்டியும் என்று சொன்னது கிரைண்டரை. இன்று காலை ஆராயி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பெல்ட் மாற்றி, சத்தத்தைக் கம்மி பண்ணி. "பொண்ணு வந்தா உளுந்து அரைக்க வேணாமா? உங்க வூட்லயே இல்லாம எனக்கு எதுக்கு?" என்கிறார். அதுவும் பின்னறைக்கே போய்விட்டது.

இவ்வளவு நடந்தும், மாப்பிள்ளை, அறை எப்படியோ காலியாகிவிட்டது. எப்படி என்று விவரிக்கத் தாள் போதாது. இத்துடன் படம் வைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள், தரையில் ஒரு துரும்பு இல்லை. சுவர் பச்சையாகத் தெரிவது வெளிச்சத்தினால். ஜன்னல் இடம் மாறித் தெரிவது நான் நின்று எடுத்த கோணத்தினால். இதை நந்தினிக்குக் காட்ட வேண்டிய அவசியமில்லை. நீங்கள் பார்த்துத் திருப்தியடைந்தால் போதும்.

ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அழைக்கவில்லை. கல்யாணமாகிப் போனபின் அவள் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இங்கே இருந்ததில்லை. எனக்கு அவள் வரவேண்டும். அவ்வளவுதான். அண்ணாமலையார் அருளால் நீங்கள் மூவரும் மலைபோல் நிலைத்து வாழ எங்கள் ஆசி. சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
இருசப்பன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை ராஜம்மாள் எழுதறது. ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி கவரைக் கையில குடுத்தாரு, படிச்சிட்டேன். படத்துல இருக்கறது பக்கத்து வூட்டு முருகையன் ரூம். நம்ம வூட்டுச் செவுரு மஞ்சா, நந்தினி பார்த்த ஒடனே கண்டுபுடிச்சிடுவா. நம்ம பின்னறையில இப்ப கோழி திரும்பக்கூட எடமில்ல. பொண்ணு வர்றா, பொண்ணு வர்றான்னு வர்றவங்க கிட்டலாம் வாய் நெறைய சொல்லிட்டு, ஏன் ஜாமான் சேருதுன்னு கேக்கறாரு. ஆனா அவரு எழுதாம வுட்டது ஒண்ணு இருக்குது. நாலு நாளா நாங்க படுக்கற முன்னறையை நந்தினிக்குன்னு ஒண்டி ஆளா காலி பண்ணி, கழுவி, சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருக்காரு. அவரு பின்னறையில கடலை மூட்டைக்கும் பந்துக்கும் நடுவுல படுத்துனு, ராத்திரி பூரா இருமறாரு. கேட்டா தூசி இல்லன்றாரு. சுண்ணாம்பு வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சிடும். சனிக்கிழமை நந்தினியை அழைச்சினு வாங்க. வரும்போது ரெண்டு பேரும் வெறுங்கையோட வாங்க.