அங்கே மாதிரி வருமா?

ஊர் பார்க்கப் போய், பார்க்காமலே திரும்பி வருகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. கண் நன்றாகத் தெரியும், கால் நன்றாக நடக்கும், டிக்கெட் எடுப்பதில் கஞ்சத்தனமும் கிடையாது. ஆனாலும் பார்க்காது. அருவிக்கு முன்னால் ஜனமெல்லாம் வாயைப் பிளந்து நிற்கும்போது, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருக்கும் போனில் வேறொரு அருவியின் படத்தைத் தேடிக்கொண்டு ஒருவர் நிற்பார் பாருங்கள், அவர்தான். பக்கத்தில் போய் நின்றுவிடாதீர்கள். படம் கிடைத்ததும் உங்களுக்குத்தான் காட்டுவார்.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவர் ஓசூரில் இருக்கிறார். பெயர் மைக்கேல்ராஜ். பூர்வீகம் மத்தூர். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அந்த உத்தியோகத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே செய்கிற ஒவ்வொரு சாமானுக்கும் குற்றம் குறையே இல்லாத ஒரு மாதிரி உண்டு, அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பெயர், அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். லைனில் வருகிற சாமானை எடுத்து, மாஸ்டர் பீஸோடு ஒப்பிட்டு, தலையை ஆட்டி, கழிசலுக்கான சிவப்புத் தொட்டியில் போடுவது மைக்கேல்ராஜின் வேலை. நல்ல வேலைக்காரர். கம்பெனியில் அவர்மேல் ஒரு புகார் கிடையாது. புகாரெல்லாம் வீட்டில்தான்.

ஏனென்றால் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலை ஆடுவதை நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி தேவமணி ஆசையாக ரசம் வைத்துப் பரிமாறினாள். ஒரு வாய் குடித்தார். தலை ஆடியது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க அம்மா வெக்கிற ரசம் மாதிரி வருமா?"

சரி, எந்தப் பிள்ளையும் சொல்வதுதானே என்று தேவமணி விட்டுவிட்டாள். அடுத்த மாதம் மத்தூரில் மாமியார் கையாலேயே அந்த ரசத்தைச் சாப்பிட உட்கார்ந்தபோது மைக்கேல்ராஜ் சொன்னார்: "ஐடிஐ ஆஸ்டல்ல ஒருத்தன் ரசம் வெப்பான் பாரு…" அன்றைக்கே தேவமணி சுதாரித்திருக்க வேண்டும். வெகுளி, சுதாரிக்கவில்லை.

இப்படி ரசத்தோடு இருந்த வியாதி முற்றியது எப்போது என்று கேட்கிறீர்களா? கம்பெனி அவரை ட்ரெயினிங்குக்கு பிரான்சுக்கு அனுப்பியபோது. பாரீஸ் கீரீஸ் எல்லாம் இல்லை. வயல்வெளி நடுவே ஓர் ஆலை, சுற்றிலும் அக்ரூட் மரத்தோப்பு, ஆறு, பாறை, பாறைமேல் கோட்டை. அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் நல்ல மனுஷர், ஞாயிறுதோறும் இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கோட்டை, குகை, பழைய மாதாகோவில் என்று காட்டியிருக்கிறார். அந்த மனுஷர் தெரியாமல் செய்துவிட்டார். கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கிற அத்தனை மலையும் அணையும் அன்றோடு ரிஜெக்ட் ஆகிவிட்டன.

சர்ச் சபைக்காரர்களோடு ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு ஏறினார்கள். மூச்சிரைக்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், கீழே மாந்தோப்பும் ஏரியும் விரித்துப் போட்டதுபோலக் கிடக்கின்றன, காற்று ஆளைத் தூக்குகிறது. தேவமணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதெல்லாம் ஒரு கோட்டையா? பிரான்சுல ஆத்தங்கரப் பாறமேல ஒரு கோட்ட நிக்குது. ஒரு கல்லு எடம் மாறல. இங்க படிக்கட்டும் சரியில்ல, செவுத்துல பூராம் பேரு எழுதி வெச்சிருக்கான்."

ஒகேனக்கலில் பரிசலில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் காவிரி சுழித்துக்கொண்டு போகிறது. "அங்க போட்டுல ஏறுனா காதுல மாட்டிக்க ஒரு மிஷின் குடுப்பான். அதுவே சரித்திரமெல்லாம் சொல்லும்" என்று பரிசல்காரரிடம் ஆரம்பித்தார்.

"சார், காது கெடக்கட்டும். மொதல்ல ஓரத்தப் புடிங்க" என்றார் பரிசல்காரர்.

தேவமணிக்கு இருந்தது ஒரே ஆசைதான். பட்டுச்சேலையோ நகையோ இல்லை. எங்கேயாவது ஓரிடத்தில், தன் பக்கத்தில் நின்று, கண் முன்னால் இருப்பதைப் பார்த்து, இந்த மனுஷன் வாயால் "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் ஓர் 'ஆனா' வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகாத மலை இல்லை, இறங்காத ஆறு இல்லை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. மகள் ஃபெபாவுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை எட்சனுக்கு பிரான்சிலேயே வேலை கிடைத்தது. கோடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். தேவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் எதோடு ஒப்பிடுவார்? மாஸ்டர் பீஸ் இருக்கும் அலமாரிக்குள்ளேயே அல்லவா கூட்டிக்கொண்டு போகிறோம்!

போய் இறங்கிய வாரமே எட்சன் காரை எடுத்தான். அதே ஆறு. அதே பாறை. மேலே அதே கோட்டை, தேன் நிறக் கல், எதிர்க்கரையில் அதற்குப் போட்டியாக இன்னொரு கோட்டை. தேவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்லத் திரும்பிக் கணவர் முகத்தைப் பார்த்தாள். மைக்கேல்ராஜ் கோட்டையை மேலும் கீழும் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தலை ஆடியது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம ராயக்கோட்டையில ஒரு காத்து வருமே தேவமணி, அந்தக் காத்து இங்க வருதா?"

ஃபெபா விழுந்து விழுந்து சிரித்தாள். தேவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "படிக்கட்டு சரியில்லன்னீங்களே!" என்றாள்.

"அது அப்போ."

அதன் பிறகு மடை திறந்துவிட்டது. படகில் போனார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் அந்த மிஷினைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, "பரிசல்ல ஒரு சுத்து சுத்தி வுடுவான் பாரு, அது என்னா சொகம்!" என்றார். நடுவழியில் இறங்கி அக்ரூட் தோப்பில் நடந்தார்கள். ஊர்ப்பக்கத்து நாகரசம்பட்டி மாந்தோப்பு வாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். கண்ணெதிரே ஒரு கிளை முகத்தில் அடித்தது, அதையும் பார்க்கவில்லை.

ஒரே ஓரிடத்தில்தான் அவர் மெய்மறந்து நின்றார். ஆதி மனிதர்கள் மாடும் குதிரையும் வரைந்து வைத்த குகை. ஆனால் அது அசல் குகை இல்லையாம். ஜனங்கள் மூச்சுக் காற்று பட்டு ஓவியம் கெடுகிறது என்று அசலைப் பூட்டிவிட்டு, அச்சு அசலாக இன்னொன்று செய்து அதைத்தான் காட்டுகிறார்களாம். எட்சன் சங்கடத்தோடு இதைச் சொன்னதும் மைக்கேல்ராஜ் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! மாஸ்டரப் பூட்டி வெச்சிட்டு காப்பியக் காட்டுறான். இதுதான் சிஸ்டம்!"

தேவமணிக்குப் பொறுமை போயிற்று. "உங்க மாஸ்டர் பீஸ் எங்கதாங்க இருக்குது? ஓசூர்ல இருந்தா பிரான்சுலங்கறீங்க. பிரான்சுக்கு வந்தா ராயக்கோட்டையிலங்கறீங்க. கண்ணு முன்னாடி எதுவுமே நல்லா இருக்காதா?"

மைக்கேல்ராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொனியில் சொன்னார்: "மாஸ்டர் பீஸ லைன்ல வெக்க மாட்டாங்க தேவமணி. வெச்சா தேஞ்சு பூடும்."

ஊர் திரும்பிய பிறகு, மழைக்காலத்தில் கிருஷ்ணகிரி அணை நிரம்பிவிட்டது, ஷட்டர் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தேவமணி பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார ரங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கணவரிடம் வருகிறீர்களா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

அணையில் உட்கார்ந்து இருவரும் சுடச்சுட மீன் வறுவல் தின்றார்கள். குறை சொல்ல ஆளில்லை. தேவமணிக்கு இதுதான் சொர்க்கம் என்று தோன்றியது. அப்போது போன் அடித்தது. மைக்கேல்ராஜ்தான்.

"சாப்புட்டீங்களா?" என்றாள் வேண்டாவெறுப்பாக.

"மெஸ்ல பார்சல் வாங்குனேன். ரசமா அது? தூ. நீ வெக்கிற ரசம் மாதிரி வருமா?"

தேவமணி எழுந்து நின்றுவிட்டாள். "என்னா சொன்னீங்க?"

"ஒன்னோட ரசந்தான் ரசம்னேன். எப்ப வருவ?"

இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து, கேட்டுக் கேட்டு ஏங்கிய பேச்சு. பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்கு வந்தவுடன் கிடைத்துவிட்டது. ஒரு நாள் லைனை விட்டு நகர்ந்ததும் தன்னையும் அந்தக் கண்ணாடி அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவேண்டிய இடம், ஆனால் வெட்கமும் சிரிப்பும்தான் வந்தன. உடனே அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இல்லாத மனுஷனைப் போனில்தானே பார்க்க முடியும்?

"இங்க பாரு ரங்கம்மா. பிரான்சு கோட்டயில நாங்க நிக்கிறது. அன்னிக்கி எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரிமா!"

"அவுனா? அக்கா, அது கெடக்கட்டும், திரும்பிப் பாரு! ஷட்டர் தொறந்துட்டாங்க!"

"இரு ரங்கம்மா, இன்னொரு படம் இருக்குது."

தண்ணீர் இடிபோல இரைந்துகொண்டு விழுந்தது. தேவமணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "இந்த மைக்கேல்ராஜ் என்ன பிரமாதம், எங்கள் பெரியப்பா ஒருத்தர் இருக்கிறாரே, அவர் மாதிரி வருமா?" என்று உங்களுக்கு ஒரு தரம் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் தலையை ஆட்ட வேண்டாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.